பழுதுகளின் வழியே ஒரு வரலாறு: மின்கிற்றாரின் பிக்கப்பும் ட்ரெமலோவும்

கல்வெட்டு, செப்பேடு, நாணயம், ஏட்டுச்சுவடி என்பவற்றைச் சான்றுகளாகக் கொண்டு கடந்த காலத்தை ஆராய்வது வரலாற்று மாணவருக்குப் பழக்கமான நெறியாகும். ஒரு கருவியில் நேரும் பழுதையும் அத்தகைய சான்றாகக் கொள்ள இயலுமா என்ற வினா, சென்ற ஆண்டு எமது சங்கத்தின் கலைவிழாவுக்கு மூன்று நாட்கள் எஞ்சியிருந்த ஒரு மாலைப்பொழுதில் எனக்கு எழுந்தது. வினா எழுந்த இடம் நூலகமன்று, விடுதி அறை.

எமது மெல்லிசைக் குழுவிற் கிற்றார் வாசிக்கும் நண்பர் தமது மின்கிற்றாரைச் 'செற்றப்' செய்வதற்காக நகரிலுள்ள ஒரு கடையில் ஒப்படைத்திருந்தார். பழைய தந்திகளைக் களைந்து புதியன பூட்டுதல், கழுத்தின் வளைவைத் திருத்துதல், தந்திகளுக்கும் மெட்டுகளுக்கும் இடையிலான உயரத்தைச் சீராக்குதல், சுருதி கூட்டுதல் ஆகிய பணிகளை ஒருசேர இப்பெயரால் வழங்குவர். மெல்லிய தந்திகள் வேண்டுமென்றும், அவை மெட்டுகளுக்கு அண்மையில் இருக்கவேண்டுமென்றும் நண்பரே கேட்டிருந்தார். கருவி திரும்பி வந்தபோது விரல்களுக்கு இதமாகத்தான் இருந்தது. ஆனால் அம்பிளிபயரிற் பொருத்தியதும் நான்கு குறைகள் ஒன்றன்பின் ஒன்றாக வெளிப்படலாயின. முன்பு மெல்லியதாகக் கேட்ட இரைச்சல் இப்பொழுது கலைந்த தேன்கூடு போல ஒலித்தது. மூன்றாந் தந்தி ஏனைய ஐந்தையும் அமுக்கிக்கொண்டு முழங்கியது. தடித்த தந்திகளை மேல்மெட்டுகளில் அழுத்தி வாசித்தால் ஒரு சுரத்துக்குப் பதிலாக, ஒன்றோடொன்று பிணங்கும் இரு சுரங்கள் கேட்பது போலிருந்தது. ட்ரெமலோக் கைப்பிடியை அழுத்தி விட்டால் சுருதி பழைய நிலைக்கு மீளவில்லை; தந்திகளைத் தாங்கும் குதிரை, தன் தகட்டோடு கருவியின் உடலில் ஒட்டிப் படிந்து கிடந்தது.

கடைக்காரர் பணத்தையும் வாங்கிக்கொண்டு கருவியையும் பழுதாக்கிவிட்டார் என்பதே நண்பர்களின் ஒருமித்த தீர்ப்பு. நானும் அதற்கு உடன்பட்டவனே. தொலைபேசியிற் சில கடுஞ்சொற்களும் பரிமாறப்பட்டன. பின்னர் இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படித்தபோது அத்தீர்ப்பு முக்காற் பங்கு பிழையென்பது புலனாயிற்று. நான்கு குறைகளில் ஒன்று மட்டுமே கடையிற் பிறந்தது. மற்றைய மூன்றும் இக்கருவியின் மூல அமைப்பு 1954ஆம் ஆண்டில் உருவானபோதே அதனுள் உறைந்துவிட்டவை. கடைக்காரரின் திருப்புளி அவற்றை வெளிக்கொணர்ந்தது, அவ்வளவே. இதனை நிறுவுவதற்குச் சற்றுத் தொலைவிலிருந்து தொடங்கவேண்டியுள்ளது.

கிற்றார் இயல்பில் ஒலி குன்றிய கருவி. 1920களின் அமெரிக்க நடனக் குழுக்களிற் பித்தளை ஊதுகருவிகளுக்கும் முரசுகளுக்கும் இடையில் அதன் ஒலி அவையின் பின்வரிசைக்கு எட்டவில்லை. இதனை நன்குணர்ந்தவர்களுள் ஒருவர், லொஸ் ஏஞ்சலிசில் வாழ்ந்த ஹவாய்க் கிற்றார்க் கலைஞரான ஜோர்ஜ் பீச்சம். அவர் 1931ஆம் ஆண்டளவில் தந்திகளைச் சூழ இரண்டு இலாடக் காந்தங்களையும், தந்திகளுக்குக் கீழே மெல்லிய செப்புக்கம்பிச் சுருளொன்றையும் அமைத்துப் பார்த்தார். உருக்குத் தந்தி அதிரும்போது காந்தப்புலம் குலைகிறது. அக்குலைவு சுருளில் நுண்ணிய மின்னோட்டத்தைத் தூண்டுகிறது. அம்பிளிபயர் அதனைப் பெருக்குகிறது. பாடசாலையிற் பரடேயின் விதி என்று மனனஞ் செய்த விடயமே இங்கு தொழிற்படுகிறது. பிக்கப் எனப்படுவது இதுவே.

அடொல்ப் றிக்கன்பாக்கருடன் கூட்டுச்சேர்ந்து பீச்சம் 1932இல் விற்பனைக்கு விட்ட கருவி, சிறிய வட்ட உடலும் நீண்ட கழுத்துமாகக் கைப்பிடியுள்ள தாச்சியை ஒத்திருந்தது. தாச்சி என்ற பொருள்படும் பெயரே அதற்கு நிலைத்தும் விட்டது. அதன் உடல் அலுமினிய வார்ப்பு. மேடை விளக்குகளின் வெம்மையில் உலோகம் விரியச் சுருதி நிலைகொள்ளவில்லை. ஆதலால் 1935இல் பேக்கலைற்றாலான உடல் வந்தது. மின்கிற்றார் பிறந்து மூன்றாண்டு நிறைவதற்குள் அதன் முதற்பழுது அதன் இரண்டாம் வடிவத்தைத் தீர்மானித்தது என்பதை ஈண்டு மனங்கொள்ளல் வேண்டும். 1934இல் பீச்சம் கோரிய ஆக்கவுரிமை 1937இலேயே வழங்கப்பட்டது. இக்கருவி உண்மையில் வேலைசெய்யுமா என்று அதிகாரிகள் ஐயுற்றமையால் கலைஞர்கள் வாசிங்ரன் சென்று அவர்கள் முன்னிலையில் வாசித்துக் காட்டவேண்டியிருந்தது என்றொரு செய்தியும் உண்டு.

கிப்சன் நிறுவனம் 1936இல் வெளியிட்ட மின்கிற்றாரை 1939 முதல் பெனி குட்மனின் குழுவில் வாசித்துப் புகழ்பெற்றவர் சார்லி கிறிஸ்ரியன். இருபத்தைந்து வயதில், 1942இல், அவர் மறைந்தார். அக்கருவியின் பிக்கப்பிற் தந்திகளுக்குக் கீழே ஓர் உருக்குத் தகடு நின்றது. இரண்டாந் தந்தி அளவுக்கு மிஞ்சி ஒலித்தமையால், பின்னர் செய்யப்பட்ட பிக்கப்புகளில் அத்தந்திக்கு நேர்கீழே தகட்டில் ஒரு சிறு வெட்டு இடப்பட்டது. பழைய கருவிகளைப் பார்ப்போர் இவ்வெட்டை அழகுக்கு இட்டதென எண்ணக்கூடும். அஃது ஒரு முறைப்பாட்டுக்கு எழுதப்பட்ட விடை.

இனி எமது கருவியின் மூதாதைக்கு வருவோம். கலிபோர்னியாவின் புலேற்றன் நகரில் 1938இல் வானொலி திருத்தும் கடையொன்றைத் தொடங்கியவர் லியோ பெண்டர். அவர் கிற்றார் வாசிக்கத் தெரியாதவர் என்பது பலருக்கு வியப்பளிக்கும். இதனை ஒரு குறையாகக் கூறுவோரும் உளர். எனக்கு அஃது ஒரு வாய்ப்பாகவே தோன்றுகிறது. தாம் வாசிக்காத கருவியைப் பற்றி வாசிப்போர் சொல்வதைக் கேட்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை. எளிதிற் கழற்றிப் பூட்டத்தக்க, கழுத்துக்கூடத் திருகாணிகளால் இணைக்கப்பட்ட கருவியை அவர் ஆக்கியதற்கும் திருத்துநரின் கண்ணே காரணம். 1954இல் வெளிவந்த அவரது ஸ்ட்ராற்றோகாஸ்ரர், மூன்று பிக்கப்புகளையும் ஒரு ட்ரெமலோவையும் கொண்டிருந்தது. உலகெங்கும் பின்னர் ஆயிரம் பெயர்களிற் செய்யப்பட்ட படிகளுள் எமது நண்பரின் கருவியும் ஒன்று.

அப்பிக்கப்புகளில் ஒவ்வொரு தந்திக்கும் கீழே ஓர் உருளைக்காந்தம் நிற்கும். ஆறையுஞ் சூழ்ந்து ஏறத்தாழ 8,000 சுற்றுச் செப்புக்கம்பி. ஆறு காந்தங்களும் ஒரே உயரமுடையனவல்ல. அக்காலத் தந்தித் தொகுதிகளில் மூன்றாந் தந்தி, இன்றைய தடித்த தந்திகளைப் போல, மெல்லிய உருக்கு உள்ளீட்டின்மீது வேறு கம்பி சுற்றப்பட்டதாக இருந்தது. காந்தத்துக்குப் பெரிதும் விடையிறுப்பது உள்ளீடே ஆதலால் அத்தந்தியின் ஒலி தாழ்ந்தது. அதனை ஈடுசெய்ய மூன்றாங் காந்தத்தை உயர்த்தி வைத்தனர். 1954இன் தந்திக்கு அது மிகச் சரியான தீர்வு.

ஆனால் தந்தி மாறிற்று. கலிபோர்னியாவிற் கிற்றார்க் கடை நடத்திய ஏர்ணி போல் என்பவர், புதிதாகப் பயில்வோர் அத்தடித்த மூன்றாந் தந்தியை வளைக்க இயலாது துன்புறுவதைக் கண்டார். மெல்லிய தந்திகளைச் செய்து தருமாறு பெண்டர் நிறுவனத்தைக் கேட்டும் அது இசையவில்லை. எனவே 1960களின் தொடக்கத்திற் தாமே மெல்லிய தொகுதிகளைச் செய்வித்து விற்கலானார். அவற்றில் மூன்றாந் தந்தி சுற்றில்லாத தனி உருக்கு. விரல்களுக்கு விடுதலை கிடைத்தது. காந்தமோ பழைய உயரத்திலேயே நின்றது. தாழ்ந்து ஒலித்த தந்திக்கெனச் செய்த உதவி, முழங்கும் தந்திக்குக் கிடைத்துவிட்டது. 1970களின் நடுப்பகுதியில் பெண்டர் நிறுவனம் எல்லாக் காந்தங்களையும் சம உயரமாக்கியது. எனினும் பழைய ஓசையை விரும்புவோர் பழைய உயரங்களையே மீண்டும் கேட்க, இன்றும் அவ்வாறே செய்யப்படும் பிக்கப்புகள் பலவுண்டு. நண்பரின் கருவியில் இருப்பவை அத்தகையன. அவருடைய மூன்றாந் தந்தி முழங்கியமைக்கு, எழுபது ஆண்டுகளுக்கு முன்னர் வழக்கிலிருந்து பின்னர் வழக்கொழிந்த ஒரு தந்தியே முதற்காரணம். ஜிமி ஹென்ட்றிக்ஸ் இடக்கைப் பழக்கத்தினால் வலக்கைக் கருவியைத் தலைகீழாகப் பிடித்துத் தந்திகளை மாற்றிப் பூட்டியபோது, இக்காந்த வரிசை முழுவதுமே இடம்மாறியது. அவரது ஓசையின் தனித்தன்மைக்கு அதுவும் ஒரு காரணமென்பர்.

அப்படியாயின் முழக்கம் செற்றப்புக்குப் பின்னரே கேட்டது ஏன்? இவ்விடத்திற்றான் பிக்கப்பின் வரலாறும் ட்ரெமலோவின் வரலாறும் ஒன்றையொன்று சந்திக்கின்றன. ஆகவே பிந்தியதையும் நோக்குவோம்.

முதலில் அதன் பெயரே பிழை. மேனாட்டு இசையிற் ட்ரெமலோ என்பது ஒலியின் செறிவை விரைந்து ஏற்றி இறக்குவது; சுருதியை ஏற்றி இறக்குவது வைபிராட்டோ. வீணையிற் தந்தியை இழுத்துக் கமகம் வாசிப்பவருக்கு இவ்வேறுபாட்டை விளக்கத் தேவையில்லை. கிற்றாரின் கைப்பிடி மாற்றுவது சுருதியை. ஆயினும் லியோ பெண்டர் 1954இல் விண்ணப்பித்து 1956இற் பெற்ற ஆக்கவுரிமைப் பத்திரம் அதனைத் ட்ரெமலோ என்றே குறிக்கின்றது. பின்னர் அதே நிறுவனம் ஒலிச்செறிவை மாற்றும் வசதி கொண்ட பல அம்பிளிபயர்களுக்கு வைபிராட்டோ என்று பெயரிட்டுக் குழப்பத்தை நிறைவு செய்தது. இப்பிழையைப் பெண்டரின் அறியாமை என்று கூறி அமைவது வழக்கம். அதற்கும் முந்திய மூலமொன்று உண்டென்பது என் கருத்து. கிளேற்றன் கவ்மன் என்பவர் 1929இல் விண்ணப்பித்து 1932இல் ஆக்கவுரிமை பெற்ற கைப்பிடிப் பொறியும் பத்திரத்திற் ட்ரெமலோ விளைவைத் தருவதாகவே விவரிக்கப்பட்டது. அக்கவ்மனே 1945இல் பெண்டருடன் கூட்டுச்சேர்ந்து கருவிகள் செய்தவர். சொல் அந்தத் தொழிற்கூடத்தின் வழியாகவே கைமாறியிருத்தல் கூடும்.

கவ்மனின் பொறிக்கு ஒரு தீராத நோய் இருந்தது: கைப்பிடியை விட்டபின் சுருதி மீளாது. எமது நண்பர் விடுதி அறையிற் சொன்ன அதே முறைப்பாட்டை, மேர்ல் ட்ரவிஸ் என்ற புகழ்பெற்ற கலைஞர் போல் பிக்ஸ்பி என்பவரிடம் கொண்டுசென்றார். பிக்ஸ்பி மோட்டார்ச் சைக்கிள்களிற் கைதேர்ந்த இயந்திரவினைஞர். பழையதைத் திருத்துவதிலும் புதியதொன்றைச் செய்வதே மேலெனக் கண்டு, 1950களின் தொடக்கத்தில் ஒரே வலிய சுருள்வில்லின்மீது இயங்கும் பொறியொன்றை அவர் ஆக்கினார். அதற்கு அவர் சூட்டிய பெயரில் வைபிராட்டோ என்ற சரியான சொல்லே இடம்பெற்றது. திருத்தத் தொடங்கிய வேலை புதிய பொருளாக முடிந்தது. மின்கிற்றாரின் வரலாற்றில் இது மீண்டும் மீண்டும் நிகழ்வதைக் காணலாம்.

பெண்டரின் பொறி இதனின்றும் வேறுபட்டது. அவர் குதிரையையே அசையவிட்டார். குதிரையின் தகடு முன்விளிம்பில் ஆறு திருகாணிகளிற் தராசின் கத்திவிளிம்பு போலப் பொருந்தி ஊசலாடும். தகட்டின் கீழே ஒரு கனத்த உருக்குக்கட்டி. கருவியின் முதுகிற் குடையப்பட்ட குழியில் அக்கட்டியைப் பின்னிழுக்கும் சுருள்விற்கள், கூடியது ஐந்து. ஒருபுறம் தந்திகளின் இழுவை, மறுபுறம் விற்களின் இழுவை. இரண்டும் சமமாகும் நிலையிற் குதிரை நிற்கும். உண்மையில் இது தராசேதான். தராசின் ஒரு தட்டில் எடையைக் குறைத்தால் என்ன நிகழும் என்பது சந்தைக்குப் போகும் எவருக்கும் தெரியும்.

முதற்தந்தி ஓர் அங்குலத்தின் ஆயிரத்திற் பத்துப் பங்கு தடிப்புள்ள தொகுதி, வழமையான சுருதியில் மொத்தம் ஏறத்தாழ 46 கிலோகிராம் நிறைக்குச் சமமான இழுவையைத் தரும். ஒன்பது பங்குத் தொகுதியின் இழுவை ஏறத்தாழ 38 கிலோகிராம். நண்பர் கேட்டுக்கொண்ட மாற்றம் இதுதான். எட்டுக் கிலோகிராம் இழுவை மறைந்தும் விற்கள் முன்போலவே இழுத்தன. தகடு பின்சாய்ந்து உடலோடு படிந்தது. தகடு தாழத் தந்திகளும் தாழ்ந்தன. மெட்டுகளுக்கு அண்மையில் வேண்டுமென்ற விருப்பத்தினால் அவை ஏற்கெனவே தாழ்த்தப்பட்டிருந்தன. இவ்வாறு எவரும் பிக்கப்பைத் தொடாமலே தந்திகள் அதனை நெருங்கிவிட்டன. நெருங்கியதும் மூன்றாங் காந்தத்தின் பழைய உயரம் தன் குரலைக் காட்டியது. அதோடு நில்லாது காந்தங்கள் தந்திகளையே பற்றியிழுக்கத் தொடங்கின. அதிரும் தந்தியைக் காந்தம் இழுக்குமாயின் அதன் அதிர்வு ஒழுங்கு குலைந்து, மேல்மெட்டுகளில் இரு சுரம் பிணங்குவது போன்ற ஓசை பிறக்கும். மூன்றாவது குறையும் இத்தால் விளங்கிற்று. செற் அற்கின்ஸ் என்ற பெருங்கலைஞர் 1950களிற் தமது கருவியின் பிக்கப்பைப் பற்றிக் கூறிய குறைகளுள் ஒன்றும், வலிய காந்தம் தந்தியின் நீடிப்பைக் கெடுக்கிறது என்பதேயாகும்.

சுருதி மீளாமைக்கு உராய்வு மற்றொரு காரணம். கழுத்தின் தலைப்பிலே தந்திகள் கடக்கும் பள்ளமிட்ட துண்டிற் தந்தி வழுக்கிச் சென்று வழுக்கி மீளல் வேண்டும். சிறிது சிக்கினும் சுருதி பிறழும். பெண்டரின் அமைப்பு இதற்கு விடை காணவில்லை. எரிக் கிளப்ரன் தமது ஸ்ட்ராற்றோகாஸ்ரரின் குழியில் ஒரு மரத்துண்டைச் செருகிக் குதிரையை அசையாமலே செய்துவிட்டார். அதுவும் ஒரு தீர்வுதான். கைப்பிடியைக் கடுமையாகக் கையாளும் இசை பரவிய காலத்தில், ஃபுளொயிட் றோஸ் என்பவர் தந்திகளை இரு முனைகளிலும் இறுகக் கவ்விப் பூட்டும் முறையைக் கண்டு 1979இல் ஆக்கவுரிமை பெற்றார். தலைப்பிற் பூட்டியபின் முறுக்காணியாற் சுருதியைத் திருத்த முடியாது போகவே, குதிரையிற் சிறிய திருத்தாணிகளைப் பின்னர் சேர்க்க நேர்ந்தது. இன்றும் அப்பொறியில் ஒரு தந்தி அறுந்தால் மற்றைய ஐந்தும் சுருதி விலகும். தராசு தராசாகவே இருக்கிறது.

எஞ்சியது இரைச்சல். எண்ணாயிரம் சுற்றுள்ள சுருள் தந்தியின் அதிர்வை மட்டும் உணர்வதில்லை. அறையிலுள்ள மின்கம்பிகளும் விளக்குகளும் பரப்பும் ஆடலோட்டப் புலத்தையும் அது ஏற்கும். இதனை முறியடிக்கும் கருத்து கிற்றாருக்கு முன்பே ஒலிபெருக்கிகளில் வழக்கிலிருந்தது. கிப்சனில் பணியாற்றிய சேத் லவர் அதனைப் பிக்கப்புக்குக் கொணர்ந்தார். இரண்டு சுருள்கள், ஒன்றின் சுற்றும் காந்தமுனையும் மற்றதற்கு எதிர். வெளிப்புலத்தின் இரைச்சல் இரண்டிலும் எதிரெதிராகத் தோன்றித் தம்முள் அழியும். தந்தியின் ஓசையோ இருமுறை எதிராகி ஒன்றுசேரும். அவர் 1955இல் விண்ணப்பித்தார். 1957 முதல் கிற்றார்களிற் பொருத்தப்பட்டது. 1959 யூலையில் ஆக்கவுரிமை கிடைத்தது. இலினோய் மாநிலத்தின் கெய்றோ நகரிலே மின்கருவிகள் திருத்திவந்த றே பட்ஸ், அற்கின்சின் முறைப்பாட்டுக்கு விடையாகத் தனித்துச் செய்த இரட்டைச் சுருட் பிக்கப்புக்கு அதே ஆண்டில் ஒரு மாதம் முந்தியே ஆக்கவுரிமை பெற்றுவிட்டார். யார் முதல்வர் என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. அதில் எனக்கு அக்கறையில்லை. இரு திருத்துமேசைகளில் ஒரே முறைப்பாடு ஒரே விடையைப் பெற்றது என்பதே கவனத்துக்குரியது.

வரலாற்று மாணவருக்கு ஓர் எச்சரிக்கையும் இங்குண்டு. 1960களில் கிப்சன் தனது இரட்டைச் சுருட் பிக்கப்புகளின் அடியில் ஒட்டிய ஆக்கவுரிமை இலக்கம் லவருடையதன்று. அது தந்திகளைத் தாங்கும் வேறோர் உறுப்புக்கு லெஸ் போல் பெற்ற பத்திரத்தின் இலக்கம். போட்டியாளரைத் திசைதிருப்பவே அவ்வாறு செய்தனர் என்பர். பொருளிலே பொறித்திருக்கிறது என்பதற்காக மட்டும் எழுத்தை நம்பலாகாது என்பதற்குச் செப்பேடுகளிலன்றிக் கிற்றாரிலும் சான்றுண்டு. மறுதலையாக, எழுத்தின்றியே பழுது பேசுவதும் உண்டு. பீற்றர் கிறீன் வாசித்த கிப்சனில் ஒரு பிக்கப்பின் காந்தம் முனைமாறியிருந்தது. அதனால் இரு பிக்கப்புகளையும் சேர்த்து ஒலிக்கும்போது ஓசையின் ஒருபகுதி அழிந்து, மூக்கொலி போன்ற மெலிந்த நாதம் எழுந்தது. வேறொருவர் கையில் அது பழுது. அவர் கையில் அதுவே அடையாளமாயிற்று; பிறர் தம் நல்ல கருவிகளை அவ்வாறு மாற்றிக்கொள்ளவும் முற்பட்டனர்.

எமது கருவியிலோ பிக்கப்புகள் பழைய ஒற்றைச் சுருளின. ஆதலால் சிறிது இரைச்சல் இயல்பே. பெரிதானதுதான் புதிது. முன்பெல்லாம் தந்திகளிற் கைபட்டதும் இரைச்சல் தணியும், இப்பொழுது தணியவில்லை. கம்பி செருகும் துளையைச் சூழ்ந்த உலோகத்தைத் தொட்டபோது மட்டும் தணிந்தது. இஃதொரு தெளிவான சான்று: அம்பிளிபயர் வழியான புவியிணைப்பு கருவிவரை வருகிறது, தந்திகள்வரை வரவில்லை. ஸ்ட்ராற்றோகாஸ்ரர் அமைப்பில் அவ்விணைப்புக் கம்பி செல்லும் இடம் ட்ரெமலோக் குழி. சுருள்விற்களைப் பற்றிநிற்கும் நகவடிவத் தகட்டிற் பற்றாசு வைத்து ஒட்டப்பட்டிருக்கும். முதுகுமூடியைக் கழற்றினோம். பற்றாசு விட்டுக் கம்பி தனியே தொங்கியது. குழியில் வேலைசெய்த கை அதனை அறியாமல் அசைத்திருக்கவேண்டும். கடைக்காரரின் பங்கு இவ்வளவே.

இவ்விடத்திற் பிறிதொன்றையும் கூறாதிருக்க முடியவில்லை. இரைச்சலைக் குறைப்பதற்கென அம்பிளிபயரின் செருகியிலுள்ள மூன்றாவது முள்ளைக் கழற்றிவிடுவதும், மூன்றாந் துளை வெறுமையான நீட்டுப்பலகைகளைப் பயன்படுத்துவதும் எமது மண்டபங்களிற் சாதாரணமாகக் காணப்படுகின்றன. தந்திகள் புவியோடு இணைந்திருப்பதால் அவற்றைப் பிடித்திருக்கும் கலைஞரின் உடலும் அவ்விணைப்பின் ஒரு பகுதியே. 1972 மே மாதம் ஸ்வொன்சி நகரின் மேடையில், கிற்றாரைப் பிடித்தபடியே புவியிணைப்புச் சரியில்லாத ஒலிவாங்கியைத் தொட்ட லெஸ் ஹார்வி என்ற ஸ்கொத்லாந்து இளைஞர், அவையோர் கண்முன்னே மின்தாக்கி இறந்தார். எமது நாட்டு மின்னழுத்தம் 230 வோல்ற்று. மேற்கூறிய முள்ளை அன்றிரவே எமது மண்டபத்தின் அம்பிளிபயரிலும் தேடிப் பார்த்தோம். அது இருக்கவில்லை. மறுநாட் காலையிற் புதிய செருகி வாங்கப்பட்டது.

விஞ்ஞான பீடத்து நண்பர் பற்றாசுக்கோலோடு வந்து கம்பியை ஒட்டினார். நான்கு விற்களில் ஒன்றைக் கழற்றி, நகத்தகட்டின் திருகாணிகளைச் சிறிது சிறிதாகத் தளர்த்தி, ஒவ்வொரு தடவையும் ஆறு தந்திகளையும் மீண்டும் சுருதி கூட்டி, தகட்டின் பின்விளிம்பு உடலிலிருந்து ஏறத்தாழ 3 மில்லிமீற்றர் எழும்வரை பொறுமையாக இருந்தோம். தந்தியைக் கடைசி மெட்டில் அழுத்திப் பார்த்து, பிக்கப்புக்கும் அதற்குமிடையில் 2 மில்லிமீற்றருக்குச் சற்றுக் கூடுதலான வெளி இருக்குமாறு பிக்கப்புகளைத் தாழ்த்தினோம். தலைப்புத் துண்டின் பள்ளங்களிற் பென்சில் முனையைத் தேய்த்தோம். இரு சுரப் பிணக்கு அகன்றது, சுருதி மீண்டது. மூன்றாந் தந்தியின் முழக்கம் குறைந்ததேயன்றி மறையவில்லை. காந்தத்தைத் தட்டித் தாழ்த்தலாமென ஒருவர் சுத்தியலோடு முன்வந்தார். அவ்வாறு செய்தால் அதனைச் சுற்றியுள்ள மெல்லிய கம்பி அறுந்துவிடும் என்று தடுத்துவிட்டோம். நண்பர் கடைக்குத் தொலைபேசியெடுத்து, கருவி இப்போது நன்றாக உள்ளது என்று மட்டும் கூறினார்.

விழா மேடையில் இரைச்சல் பழைய மெல்லிய அளவில் இருந்தது. எமது மின்னோட்டம் செக்கனுக்கு 50 தடவை ஆடுவது. அவ்விரைச்சல் ஐந்து கட்டைச் சுருதியின் கீழ்ச் சட்சத்துக்கு மிக அண்மையில் விழும். அமெரிக்காவின் 60 தடவையோ ஆறரைக் கட்டைக்கும் ஏழு கட்டைக்கும் நட்டநடுவே விழுந்து எந்தச் சுருதியோடும் சேராது. இதனை நான் கணக்குப் பார்த்து அறிந்தது பின்னர்தான். அன்று மேடையேறிய எமது பாடகி ஐந்து கட்டையிற் பாடுபவர். திரைக்குப் பின்னால் நின்று செவிசாய்த்த அவர், "தம்புராவை யார் வைத்தது? சுருதி சற்றுக் கூடியிருக்கிறதே" என்றார்.